புடவைக் கேள்விகள்: ஆரணித் தறியிலிருந்து அலமாரி வரை

வட ஆற்காட்டுப் பெண்களின் உடை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய ஜில்லாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, மற்றவற்றுக்கு இடம் இருக்கும் அளவுக்குப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் கிராமத்துப் பாட்டிமார் கட்டும் பின்கொசுவக் கட்டைக் கல்லூரிப் பொங்கல் விழாவுக்குக் கட்டிப் போக ஆசை. இணையத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி? (க.மா., அணைக்கட்டு)

எல்லாமே சரிதான். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, செய்யும் வேலைக்கு ஏற்பக் கட்டு மாறும். உள்பாவாடையே இல்லாமல், உள்தலைப்பையே (முந்தானைக்கு எதிர்முனை) முதலில் கொசுவி முடிபோட்டுக் கட்டுவது ஒரு வகை. அது பழக்கப்பட்ட கைக்கு வரும். முதல் தடவை கட்டுகிறவர்களுக்கு, நாள் முழுக்க அவிழாமல் நிற்கும் முறை ஒன்றைச் சொல்கிறோம்.

துணி பருத்தியாக இருக்கட்டும். 5.5 மீட்டர் கைத்தறிப் புடவை, ஒருமுறையாவது துவைத்தது. ஜார்ஜெட், ஷிஃபான், புதுப் பட்டு எல்லாம் இந்தக் கட்டில் வழுக்கும். உள்ளே கணுக்கால்வரை லெகிங்ஸ் போட்டு, இடுப்பில் அரை அங்குலப் பருத்தி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். புடவையைத் தாங்கப்போவது அந்த நாடாதான்.

உள்தலைப்பை முதுகுப்பக்கம், இடுப்பின் இடது ஓரத்தில் செருகி, பின்பக்கமாக வலதுபுறம், முன்பக்கம், இடதுபுறம் என்று ஒரு சுற்று வந்து மறுபடி முதுகுக்கு வாருங்கள். இதற்குச் சுமார் ஒரு மீட்டர் போகும். இப்போது அங்கே 5 அங்குல அகலத்தில் 8 கொசுவம் எடுக்க வேண்டும். ஒரு கொசுவம் அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி தின்னும். ஆக 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டர். முதுகில் கை எட்டாது. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் கொசுவத்தை முன்னாலேயே எடுத்து, கிளிப் போட்டு, பின்னுக்கு நகர்த்தலாம். செருகும்போது மேல் விளிம்பு நாடாவுக்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை வெளிப்பக்கமாக மடித்து விரித்தால் விசிறி போல விழும். இந்தக் கட்டின் அழகே அதுதான். பலர் அந்த நாலு விரலையும் உள்ளே அமுக்கிவிட்டு, பாட்டி கட்டியதுபோல் வரவில்லையே என்கிறார்கள்.

மீதி இரண்டரை மீட்டர். அது வலது இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து, மார்பின் குறுக்கே இடது தோளில் ஏறி, முதுகில் இறங்கும். தொங்கும் முந்தானையை வலதுபக்கமாக முன்னுக்குக் கொண்டுவந்து இடது இடுப்பில் செருகினால் முடிந்தது. இடுப்பு 42 அங்குலத்துக்கு மேல் என்றால் கொசுவத்தை ஆறாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முந்தானை செருகுவதற்கு எட்டாது.

கீழ்க்கரை கணுக்கால் எலும்புக்கு மேலே நிற்கட்டும். நாற்று நடவும், குடம் தூக்கவும், குனிந்து பெருக்கவும் முன்பக்கம் தடையில்லாமல் இருப்பதற்கான கட்டு இது. தரையைக் கூட்டினால் அந்தப் பயன் போய்விடும். விழாவுக்கு ஸ்கூட்டரின் பின்சீட்டில் போவதாக இருந்தால் கொசுவத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கும்.

கேள்வி: வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் உள்ள பெண் உருவங்கள் பலவற்றில் மேலாடை தெரியவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் இருந்தார்களா? ஓவியப் பாடத்துக்கு எழுதித் தர வேண்டும். (ம.சு., சத்துவாச்சாரி)

தூணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த மண்டபம் 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர காலத்து வேலை. சிற்பி தெருவில் போனவர்களைப் பார்த்துச் செதுக்கவில்லை. அவருக்கென்று கைவழி வந்த இலக்கணம் உண்டு. திருமாலுக்கு இருபுறமும் நிற்கும் தேவியரைச் செப்புத் திருமேனிகளில் பாருங்கள். ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் இருப்பவர்கள்! ஆக, கச்சு இருப்பதும் இல்லாததும் இன்னார் யார் என்று சொல்லும் அடையாளம். அதை வைத்து ஊர்ப் பழக்கத்தைக் கணக்கிட முடியாது.

கல்லில் ஆடையைப் படிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் கணுக்காலைப் பாருங்கள். அங்கே வளையம் போல ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தால் துணி அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். அதைச் சிலம்பு என்று எண்ணிவிடுவார்கள். அடுத்து தொடையில் வளைந்து ஓடும் கீற்றுக் கோடுகள். அவை துணியின் மடிப்பு. பிறகு இரண்டு காலுக்கும் நடுவே தொங்கும் கொசுவம், இடுப்பில் மேகலை, இரு பக்கமும் முடிச்சிலிருந்து பறக்கும் தலைப்புகள். மார்புக்குக் கடைசியில் வாருங்கள். தோளிலிருந்து குறுக்கே ஒரு கோடு போனால் அது மேலாடையா, முப்புரி நூலா, மணிவடமா என்று முதுகுப்பக்கமும் போய்ப் பார்த்த பிறகே எழுத வேண்டும். உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியைக் கல்லில் காட்டுவதென்றால் உடம்பைச் செதுக்கி அதன்மேல் கோடு இழுப்பதுதான் வழி. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஏறிய தூணில் அந்தக் கோடுகள் அடைந்துபோயிருக்கும். காலை அல்லது மாலையில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போனால் கண்ணுக்குப் படும்.

துணியின் நிறம், கட்டம், கரை எல்லாம் தெரிய வேண்டுமென்றால் ஓவியத்துக்குப் போக வேண்டும். அதே விஜயநகர காலத்து லேபாக்ஷி வீரபத்திரர் கோயிலின் (ஆந்திரம்) விதானத்தில் பெண்கள் கட்டம், கோடு, பூப்போட்ட புடவைகளை அகலக் கரையோடு உடுத்தி நிற்கிறார்கள். நம் பக்கத்தில் போளூரை அடுத்த திருமலை சமணக் கோயிலிலும் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. கல்லையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் உங்கள் அறிக்கை நிற்கும்.

இதோடு சேர்த்து, மேலாடை என்பது எல்லோருக்கும் கிடைத்த உரிமையும் அல்ல என்பதை எழுதாமல் விடாதீர்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காகத் தாக்கப்பட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல் வந்த அரசு அறிவிப்புகூட, மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது என்றுதான் சொன்னது. 'பாரம்பரிய உடை' என்று ஒற்றைப் படத்தை மாட்டும்போது இந்தப் பக்கம் காணாமல் போய்விடுகிறது.

கேள்வி: மடிசாரில் தலைப்பு எந்தத் தோளில்? (ஆர்.வி., ஆற்காடு)

ஐயர் வீட்டுக் கட்டில் வலது தோள், ஐயங்கார் வீட்டுக் கட்டில் இடது தோள். புடவை ஒன்பது கஜம், அதாவது சுமார் 8.2 மீட்டர். ஆறு கஜத்தில் தைத்து விற்கும் 'ரெடிமேட் மடிசார்' வசதிக்கானது. அதைப் பார்த்துக் கட்டு கற்க முடியாது.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு ஆரணியிலேயே பட்டு எடுக்கலாமா, காஞ்சிபுரம் போக வேண்டுமா? கடையில் எதைப் பார்த்து வாங்குவது? (தே.ச., வாலாஜாபேட்டை, இன்னும் நான்கு பேர்)

ஆரணியிலேயே எடுக்கலாம். ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணியின் பெயர் வந்தது எடை குறைந்த, நாள் முழுக்க உடுத்த ஏற்ற பட்டில்தான். மேடையில் அரை நாள் உட்காரும் பெண்ணுக்கு அது குறையல்ல, நிறை. கனமான கோர்வைப் புடவையும் இப்போது அங்கே நெய்கிறார்கள். ஊர்ப் பெயரைவிட நெசவைப் பாருங்கள்.

கோர்வை என்றால் உடலுக்கு ஒரு ஊடை (குறுக்கு இழை), இரண்டு கரைக்கும் தனித்தனி ஊடை என்று மூன்று நாடா (ஊடை இழையைக் கொண்டு ஓடும் ஓடம்) போட்டு, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்து நெய்வது. நெய்பவரோடு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆளும் வேண்டும். கூலி ஏறுவது இதனால்தான். கடையில் கண்டுபிடிக்கப் புடவையைத் திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். கோர்வையாக இருந்தால் மெல்லிய வரப்பு தட்டுப்படும். கரையின் நிறம் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். அரக்குக் கரைக்குள் உடலின் பச்சை கலந்து மங்கலாகச் சாயல் அடித்தால் ஒரே ஊடை கரை வழியாகவும் ஓடியிருக்கிறது. அது மோசடியல்ல, ஆனால் கோர்வை விலை கொடுக்கக் கூடாது.

முந்தானைக்கு உடலிலிருந்து வேறு நிறம் என்றால் பேட்னி. அந்த இடத்தில் பழைய பாவு (நெடுக்கு) இழையோடு புது நிறப் பாவு இழையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கிறார்கள். இணைப்பில் குறுக்கே சொரசொரப்பான ஒரு கோடு இருக்கும். அதைப் பழுது என்று சொல்லிப் புடவையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தக் கோடு இருக்க வேண்டும். அங்கே இழை விட்டு ஓட்டை தெரிந்தால்தான் பழுது.

ஜரிகைக்கு வருவோம். நல்ல ஜரிகையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழையைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். தங்கம் எடையில் அரை சதவீத அளவுதான்; 'தங்க ஜரிகை' என்ற சொல்லைக் கேட்டு நகைக் கணக்குப் போடாதீர்கள். ரவிக்கைத் துண்டின் ஓரத்தில் ஒரு இழையை உருவி, நகத்தால் உலோகத்தைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக நைலான் போல் வந்தால் போலி. சிவப்பாக வந்தால் மட்டும் போதுமா? போதாது. செம்புக் கம்பி சுற்றிய ஜரிகைக்கும் உள்ளே சிவப்பு இழை வைக்கிறார்கள். பெரிய தொகைக்கு வாங்கும்போது ஜரிகைப் பரிசோதனைக் கருவி உள்ள கடையில் வெள்ளி, தங்கம், செம்பு விகிதத்தை அச்சிட்டு வாங்கி, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய புடவையை ஜரிகைக்கு விற்கும் நாளில் அந்தச் சீட்டு பேசும்.

பட்டு இழைக்கு எரித்துப் பார்ப்பது பழைய, நம்பகமான வழி. உடல் பகுதியின் பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என இரண்டு இழையைத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை, விரலில் பொடியாகும் சாம்பல். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஒரு திசை இழையை மட்டும் சோதித்தால், பாவு பட்டும் ஊடை பாலியஸ்டருமாக இருக்கும் கலப்பு தப்பிவிடும்.

'சில்க் மார்க்' சீட்டு 2004-இலிருந்து இருக்கிறது. அது இழை பட்டு என்பதற்கு மட்டும் உறுதி. ஜரிகைக்கும் அல்ல, கைத்தறிக்கும் அல்ல. கைத்தறிக்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரை வேறு. விற்பவர் ஒரு சீட்டைக் காட்டி மூன்றுக்கும் உத்தரவாதம் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

கேள்வி: காலண்டர் லட்சுமி, சரஸ்வதி எல்லாரும் நாம் கட்டுவதுபோலவே புடவை கட்டியிருக்கிறார்களே, கோயில் சிலையில் அப்படி இல்லையே? (ப.ல., குடியாத்தம்)

ஓவியர் ரவி வர்மாவின் கைங்கரியம். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களைக் கல்லச்சில் வண்ணப் படங்களாகப் போட்டார். கோயிலுக்குள் போக முடியாதவர் வீட்டுக்கும் அந்தப் படம் போனது. ரவிக்கையும் தோளில் முந்தானையுமாக அவர் வரைந்த லட்சுமியைத்தான் பின்னால் வந்த காலண்டர்காரர்கள் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். முன்கொசுவம், உள்பாவாடை, ரவிக்கை சேர்ந்த இன்றைய கட்டுக்கும் வயது அதிகமில்லை. 1860-களில் பம்பாயில் இருந்த ஞானதாநந்தினி தேவி (சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி) பார்சிப் பெண்களின் கட்டைப் பார்த்து மாற்றிக் கட்டிய விதம் வங்காளத்தில் பரவியது, இந்த மாற்றத்தில் ஒரு முக்கியமான படி. உங்கள் கொள்ளுப்பாட்டி ரவிக்கை போடாமல் இருந்திருந்தால் அதுவும் பாரம்பரியம்தான்.

கேள்வி: அம்மாவின் பட்டுப்புடவையை வெட்டி 12 வயது மகளுக்குப் பரத உடை தைக்கலாமா? (ஜெ.பி., காட்பாடி)

முதலில் புடவை தாங்குமா என்று பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே துணியைப் பிடித்து இழுங்கள். இழை 'சட்'டென்று விட்டால் வேண்டாம். முழங்காலை மடக்கி அமரும் அரைமண்டியில் முதல் நாளே கிழியும்.

தாங்கினால், 5.5 மீட்டரில் பைஜாமா, விசிறி (முன்னால் இரண்டு காலுக்கும் நடுவே விரியும் கொசுவம்), இடுப்புத் துண்டு, மேலாக்கு, ரவிக்கை ஐந்தும் வரும். கத்தரி வைப்பதற்கு முன் முந்தானையை விசிறிக்கா மேலாக்குக்கா என்று முடிவு செய்யுங்கள். விசிறிக்குப் போனால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் ஜரிகை மிகக் கனமாக இருந்தால் மடிப்பு விரியாமல் பலகை போல நிற்கும், அப்போது மேலாக்குக்கே வையுங்கள். விசிறியின் அளவைப் பெண்ணை நிற்க வைத்து எடுக்கிறார்கள், பெரும்பாலான தொல்லை அங்கேதான். அரைமண்டியில் உட்காரச் சொல்லி, முழங்காலிலிருந்து முழங்கால்வரை முன்பக்கமாக நாடாவை வைத்து அளக்க வேண்டும். விசிறி முழுதாக விரிந்தால் அந்த அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் பைஜாமாவை இழுத்து, தொடைத் தையல் விடும்.

எல்லாத் துண்டுக்கும் உள்ளே பருத்தி லைனிங் வேண்டும். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தையுங்கள், இல்லாவிட்டால் முதல் வியர்வையிலேயே சுருங்கிப் பட்டைச் சுருட்டும். வளரும் பெண் என்பதால் பைஜாமா நீளத்திலும் ரவிக்கைப் பக்கங்களிலும் 2 அங்குலம் உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள்.

இப்படித் தைத்த உடையைச் சிலர் 'பழங்கால உடை' என்கிறார்கள். அதுவும் 1930-களில், கலாக்ஷேத்ராவை (1936) நிறுவிய ருக்மிணி தேவியின் முயற்சியோடு நிலைபெற்றதுதான். அதற்கு முன்னால் ஆடியவர்கள் புடவையையே சுற்றிக் கட்டி ஆடினார்கள்.

கேள்வி: பள்ளி ஆண்டுவிழாவில் பாஞ்சாலி துகில் காட்சி போடுகிறோம். பாதியில் புடவை சிக்கினால் மானம் போகும். (ஆசிரியை, செய்யாறு)

திரௌபதி அம்மன் திருவிழாவும் கூத்தும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் முன்னால் போடுகிறீர்கள், கவனம் தேவைதான். பாஞ்சாலி உடுத்தும் புடவை வேறு, இழுபடும் துணி வேறு என்று பிரித்துவிடுங்கள். உடுத்திய புடவையை இடுப்பிலும் தோளிலும் ஊசிநூலால் தைத்தே விடுங்கள், சேஃப்டி பின் மட்டும் போதாது. அதே நிறத்தில் தொடங்கி, நிறம் மாறி மாறி வரும்படி பழைய பாலியஸ்டர் புடவை ஐந்தை முனையோடு முனை ஓட்டுத் தையலில் இணைத்தால் 27 மீட்டர் வரும். முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சுதான் சிக்கும். இந்த நீளத்தைச் சுருட்டாமல் முன்னும் பின்னுமாக அடுக்கி, பாஞ்சாலிக்குப் பின்னால் திரைச்சீலை பிடிக்கும் இருவரின் மறைவில் கூடையில் வையுங்கள். கூடையருகே இருப்பவர் துணியை அவள் முதுகுப்புறமாக விட்டுக்கொண்டே இருக்க, அது இடது கைக்குக் கீழே வந்து துச்சாதனன் கைக்குப் போகும். பாஞ்சாலி சுற்ற வேண்டாம். கை கூப்பி நின்றால் போதும். சுற்றினால் துணி கழுத்தில் ஏறும். நீளமான கழுத்து மாலை, கையில் போடும் நெளிவங்கி இரண்டும் அந்தக் காட்சிக்கு ஆகாது.

கேள்வி: பீரோவில் வைத்த பட்டு, கட்டாமலேயே மடிப்பில் கிழிகிறது. ஏன்? (நான்கு கடிதங்கள்)

ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் இருப்பதுதான் காரணம். கடினமான ஜரிகை, மென்மையான பட்டு இழையை மடிப்பில் அறுக்கிறது. வியர்வை உப்போடு உள்ளே போன புடவை என்றால் இன்னும் சீக்கிரம். கட்டி அவிழ்த்த புடவையை உடனே மடிக்காமல் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். கத்திரி வெயிலில் கொடியில் போட்டால் நிறம் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துக்கொள்ளும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி ஜரிகையைக் கறுக்க வைக்கும். சென்ட்டை ஜரிகைமேல் அடிப்பதும் அப்படித்தான். பாச்சை உருண்டை போடுவதானால் துணிப் பையில் கட்டி மூலையில் வையுங்கள், புடவையில் படக் கூடாது.

கிழிந்துவிட்டால் பசைத்துணி வைத்து இஸ்திரி போடாதீர்கள். அது விறைத்து, அடுத்த கிழிசல் அதன் ஓரத்திலேயே வரும். அதே நிற மெல்லிய வலைத்துணியைப் பின்னால் கொடுத்து ஓட்டுத் தையல் போடுங்கள். மடிப்பு முழுக்க விட்டிருந்தால் பேத்திக்குப் பட்டுப்பாவாடை. இருபக்கக் கரையுள்ள 48 அங்குலப் புடவையை நீளவாக்கில் இரண்டாக்கினால் 24 அங்குல உயரத்தில் இரண்டு பாவாடைக்கு வரும். இடுப்புப் பட்டியை வேறு துணியில் கொடுத்து, உள்ளே ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு டக் (மடித்துத் தைப்பது; ஒன்று இரண்டு அங்குலத் துணி தின்னும்) பிடித்தால் இப்போது 20 அங்குலம். பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம். டக் இருந்த இடம் அடர்ந்த நிறத்தில் கோடாகத் தெரியும். அதனால் டக்கைக் கரையை ஒட்டியே பிடியுங்கள், கண்ணில் படாது.

கேள்வி: பால்ஸ் வைத்த புடவை கீழே சுருக்கு விழுகிறது. (ச.நா., திருப்பத்தூர்)

பால்ஸை (கீழ்க்கரையின் உள்பக்கம் தைக்கும் துணிப்பட்டை) தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டபின் தைத்திருக்க வேண்டும். பருத்திப் பால்ஸ் சுருங்கும், புடவை சுருங்காது. இப்போது தையலைப் பிரித்து, அதே பால்ஸை வைத்தே தைக்கலாம், இனி அது சுருங்காது. ரவிக்கைத் துண்டு உள்தலைப்புப் பக்கம் இருந்தால் அதை வெட்டிய பிறகு, முனையிலிருந்து 8 முதல் 10 அங்குலம் விட்டுத் தொடங்குங்கள். வெட்டாமல் தைத்தால் பால்ஸின் முதல் முக்கால் மீட்டர் ரவிக்கையோடு போய்விடும், கொசுவத்தின் கடைசி மடிப்புகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.